மரியாதை பெறுநர்

பெண்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளும் வழக்கம் ஆண்பிள்ளைகளிடம் குறைந்துவருகிறது என்பதை அரசு ஒரு செவ்வாய்க்கிழமை கண்டுபிடித்தது. பெண்கள் இதை வெகுகாலம் முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் அவர்களிடம் ரப்பர் ஸ்டாம்பு இல்லாத காரணத்தால் அது கண்டுபிடிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

உண்மை தெரிந்த பிறகு அரசு சும்மா இருக்கவில்லை. 'மதிப்புறவு மேம்பாட்டு இயக்கம்' என்று ஒன்றைத் தொடங்கி, அதற்கு ஓர் அலுவலகமும் ஒரு ஜீப்பும் ஒரு சின்னமும் வழங்கியது. சின்னத்தில் இரண்டு கைகள் கூப்பியிருக்கும். யாருடைய கைகள், யாரைப் பார்த்துக் கூப்பியிருக்கின்றன என்று தெரியாதபடி ஓவியர் சாமர்த்தியமாக வரைந்திருந்தார்.

இயக்கத்தின் தத்துவம் எளிமையானது. வயசுப் பையன்கள் அப்பா பேச்சைக் கேட்பதில்லை. அம்மா பேச்சை அப்பாவே கேட்பதில்லை. வாத்தியார் பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் வகுப்புக்கு வர வேண்டும். விசில் சத்தத்துக்கு மட்டும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆகவே, விளையாட்டு வீரர்களான மாணவர்களுக்குப் பெண்களை மதிக்கும் பண்பை விசில் வைத்திருப்பவர்கள் மூலமாகவே புகட்டுவது என்று தீர்மானமாயிற்று. முதல் சுற்றறிக்கையில் 'விசில் வைத்திருப்போர் அனைவரும்' என்று இருந்ததால் சங்கராபுரம் பக்கத்து டவுன் பஸ் கண்டக்டர்கள் சிலர் பயிற்சிக்கு வந்து சாப்பாடு வரைக்கும் உட்கார்ந்திருந்ததாகக் கேள்வி. பிறகு திருத்தம் வந்தது.

வடக்கனந்தலுக்கும் கல்வராயன் மலையடிவாரத்துக்கும் நடுவில் இருக்கிற ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விசில் வைத்திருந்தவர் அரங்கநாதன். பள்ளியின் பெயர் வேண்டாம். சொன்னால் அதற்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அரங்கநாதன் நல்ல பயிற்சியாளர், நல்ல மனிதர். அவரிடம் ஒரே ஒரு குறைதான். மேலிடத்திலிருந்து வந்த எந்தக் காகிதத்துக்கும் அவர் 'சரிங்க சார்' என்பதைத் தவிர வேறு பதில் சொல்லிப் பழகியதில்லை. வாக்காளர் கணக்கெடுக்கச் சொன்னார்கள், எடுத்தார். தெருநாய்களை எண்ணச் சொன்னார்கள், எண்ணினார். ஒரு நாய் எண்ணிக்கைக்கு ஒத்துழைக்காமல் முழங்காலைக் கடித்துவிட்டது. அதையும் எண்ணிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அவரிடம் இரண்டு கபடி அணிகள் இருந்தன. ஆண்கள் அணி அந்த வருஷமும் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு, போன இடத்தில் பரோட்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தது. பெண்கள் அணியோ யாரும் எதிர்பாராதபடி மண்டலப் போட்டியின் இறுதி ஆட்டம்வரை போய்விட்டது. அதற்குக் காரணம் அணித்தலைவி செல்லியம்மாள். மலைமேல் ஊர், கீழே விடுதியில் தங்கிப் பதினோராம் வகுப்பு படித்தாள். எதிராளி பாடி வரும்போது அவள் அசையாமல் நிற்பாள்; அவன் அல்லது அவள் திரும்பும் நேரத்தில் கணுக்காலைப் பிடித்தால் அப்புறம் அந்தக் கால் செல்லியம்மாளுக்குச் சொந்தம்.

இறுதி ஆட்டம் விழுப்புரத்தில். அதைப் பார்த்து விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். செல்லியம்மாளின் அப்பாவும் அம்மாவும் தை பிறந்தால் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போகிறவர்கள். விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் படி, இல்லாவிட்டால் இந்தத் தையில் நீயும் எங்களோடு வண்டி ஏறு என்று அப்பா சொல்லியாயிற்று. இதெல்லாம் அரங்கநாதனுக்குத் தெரியும். ஆகவே அவர் மாலை நேர மைதானத்தைப் பெண்கள் அணிக்கே விட்டிருந்தார். பள்ளியில் கபடி ஆடுகளம் ஒன்றே ஒன்று.

சுற்றறிக்கை வந்தது. மதிப்புறவுப் பயிற்சி மாலை நேரத்தில், மைதானத்தில், ஆண்கள் அணிக்கு நடத்தப்பட வேண்டும் என்றிருந்தது. பயிற்சி முடித்ததற்கான சான்றிதழ் பெறாத பள்ளியின் எந்த அணியும் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ள இயலாது என்றும் இருந்தது. 'எந்த அணியும்' என்றால் பெண்கள் அணியும் சேர்த்தியா என்று அரங்கநாதன் போன் போட்டுக் கேட்டார். பெண்களை விட்டுவிடுவது பாகுபாடு ஆகாதா என்று அலுவலகத்தில் திருப்பிக் கேட்டார்கள்.

எனவே, பையன்கள் பெண்களை மதிக்கக் கற்றுக்கொள்வதற்கு வசதியாகப் பெண்கள் அணி மைதானத்தைவிட்டு வெளியேற்றப்பட்டது. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த இடத்தில் அவர்கள் ஆடிக்கொள்ளலாம். செல்லியம்மாள் விறகை மட்டும் கொஞ்சம் தள்ளி அடுக்கினாள்.

முதல் வகுப்பு நன்றாகவே நடந்தது என்று சொல்ல வேண்டும். கையேட்டில், 'எவரையும் அவரது முன் அனுமதியின்றித் தொடலாகாது' என்று ஒரு வரி இருந்தது. அரங்கநாதன் அதைத் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். பஸ்ஸில் இடம் இருக்கும்போது இடிப்பது, பேசுகிற சாக்கில் தோளில் கை போடுவது, இதெல்லாம் ஆம்பளைத்தனம் இல்லை, அல்பத்தனம் என்றார். பையன்கள் மண்ணைக் கிளறிக்கொண்டே கேட்டார்கள். இரண்டு பேர் நிஜமாகவே வெட்கப்பட்டார்கள். அதோடு விட்டிருந்தால் ஊருக்கு ஒரு நல்ல காரியம் நடந்திருக்கும்.

ஆண்கள் அணித்தலைவன் சின்னதுரை எழுந்தான். "சார், அப்ப ரெய்டு போறப்போ இன்னா பண்றது?"

இதற்கு அரங்கநாதனுக்குப் பதில் தெரியும். கோட்டுக்குள் இறங்கினவன் ஆட்டத்துக்குச் சம்மதித்துத்தான் இறங்குகிறான் என்பது கபடி ஆடின எவனுக்கும் தெரியும். ஆனால் தமக்குத் தெரிந்ததைச் சொல்லத் தமக்கு அதிகாரம் உண்டா என்பது அவருக்குத் தெரியவில்லை. விளக்கம் கேட்டு மேலே எழுதினார். மறுநாளே பதில் வந்தது. கபடி உள்ளிட்ட எந்த விளையாட்டுக்கும் விதிவிலக்கு அளிக்கக் கையேட்டில் இடமில்லை. எனினும் அனுமதி வாய்மொழியாகப் பெறப்பட்டால் போதுமானது.

அன்று முதல் அந்த மைதானத்தில் கபடி வரலாற்றில் இல்லாத ஆட்டம் ஒன்று நடந்தது. சின்னதுரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, "கபடி கபடி தொடலாமாண்ணா கபடி கபடி" என்று பாடிக்கொண்டு போனான். எதிர்ப்பக்கம் நின்ற பழனி, "வோணாம்" என்றான். சின்னதுரை திரும்பி வந்தான். அடுத்து பழனி பாடிக்கொண்டு போனான். அவனுக்கும் வேண்டாம் என்றே பதில் கிடைத்தது. ஒருவன் மட்டும் இரக்கப்பட்டு, யோசித்து நாளைக்குச் சொல்வதாகச் சொன்னான். ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. ஒருவருக்கும் அடிபடவில்லை. இதை இயக்கத்தின் முதல் வெற்றியாக அரங்கநாதன் அறிக்கையில் குறிப்பிட வேண்டியதாயிற்று.

அறிக்கையைப் பார்த்து மகிழ்ந்துபோன ஒருங்கிணைப்பு அலுவலர் சுப்புராயன், ஜீப்பிலே நேரில் வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் கூப்பிய கைகள் சின்னம். பையன்கள் வரிசையாக நின்று, எதிரே யாரும் இல்லாத வெட்டவெளியைப் பார்த்து, "வணக்கம் சகோதரி" என்று பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். சுப்புராயன் வெகுநேரம் அந்த வெட்டவெளியையே பார்த்தார்.

"மரியாதைங்கறது கொடுக்கல் வாங்கல் சார். கொடுக்கறவங்க நிக்கிறாங்க. வாங்கறவங்க எங்க?"

அந்த நேரம் பார்த்துச் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னாலிருந்து யாரோ தொப்பென்று விழுகிற சத்தமும் அதைத் தொடர்ந்து சிரிப்பும் கேட்டன. சுப்புராயன் போய் எட்டிப் பார்த்தார்.

"இத்தனை பெண்களை வெச்சுக்கினு பயன்படுத்தாம வெச்சிருக்கீங்களே" என்று கடிந்துகொண்டார்.

அப்படியாகப் பெண்கள் அணி மைதானத்துக்குத் திரும்பி வந்தது. அவர்களுக்கு 'மரியாதை பெறுநர்' என்ற பதவி வழங்கப்பட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டன. பெறுநரின் கடமைகள் கையேட்டின் பிற்சேர்க்கையில் தெளிவாக இருந்தன. அமர்ந்திருக்க வேண்டும். மரியாதை செய்யப்படும்போது புன்னகைக்க வேண்டும். 'நன்றி சகோதரா' என்று சொல்ல வேண்டும். நடுவில் எழுந்து போகக்கூடாது, ஏனென்றால் காலி நாற்காலிக்கு மரியாதை செய்வது அரசுப் பணத்தை வீணடிப்பதாகும்.

சாயங்காலம் முழுக்க பையன்கள் வந்து வந்து வணங்கினார்கள். பெண்கள் உட்கார்ந்து உட்கார்ந்து வாங்கிக்கொண்டார்கள். விசில் ஊதியதும் செல்லியம்மாள் அரங்கநாதனிடம் வந்தாள்.

"சார், எங்களுக்கு இந்த மரியாதை வோணாம் சார். கோர்ட்டைக் குடுங்க, போதும்."

"ஒரு வாரந்தாம்மா. கொஞ்சம் பொறுத்துக்க."

"ஒரு வாரம் குந்திக்கினே இருந்தா மூட்டு மடங்குமா சார்? ஃபைனல்ல போயி யாரு கால யாரு புடிக்கறது?"

அவர் சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். அவள் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, இதில் எங்களைக் கேட்ட மாதிரி ஒரு வரியும் இல்லையே என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் அவரை வருத்தப்படுத்த வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, இருட்டுவதற்குள் கிடைத்த கொஞ்ச நேரத்தில் ஆட, தோழிகளைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இந்த நிலையில்தான் நிறைவு விழா அறிவிக்கப்பட்டது. வியாழக்கிழமை. சிறப்பு விருந்தினர் வருகிறார், மரியாதையை நேரில் பார்வையிடுகிறார், சான்றிதழ் தருகிறார். விழுப்புரத்தில் இறுதி ஆட்டமும் அதே வியாழக்கிழமை. அரங்கநாதன் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போனார். வழிநெடுக மரவள்ளிக் கிழங்கு லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தபோது, பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டார். அலுவலகத்தில் நுழைந்ததும் ஒத்திகை மறந்துபோயிற்று.

"வியாழக்கிழமை அவங்களுக்கு ஃபைனல் சார்" என்றார்.

"யாருக்கு?" என்றார் சுப்புராயன்.

"பெறுநருங்களுக்கு."

"பசங்களுக்கு?"

"பசங்க முதல் ரவுண்டுலயே அவுட்டு சார்."

"அப்ப பசங்க ஃப்ரீ. ரொம்ப நல்லதாப் போச்சு."

மேட்ச்சைத் தள்ளிவைக்கச் சொல்லுங்களேன் என்றார் சுப்புராயன். அது ஐந்தாறு மாவட்டம் சேர்ந்த போட்டி என்று அரங்கநாதன் சொன்னார். விழாவைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார். சிறப்பு விருந்தினர் ஏற்கெனவே சால்வை அளவு கொடுத்துவிட்டாராம்.

"அப்ப பெறுநர் இல்லாமலே விழாவ நடத்திடலாமா சார்?"

சுப்புராயன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "பெண்கள் இல்லாத எடத்துல பெண்களுக்கு எப்படிங்க மரியாதை செய்யறது? அது அவங்களை அவமதிக்கறது இல்லையா?"

அரங்கநாதன் யோசித்துப் பார்த்தார். நியாயமாகவே பட்டது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"பெறுநர் எல்லாரையும் படம் எடுத்து, பேரோட, நேரத்தோட, இடத்தோட ஏத்தணும். ஒரு நாற்காலி காலின்னாலும் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லன்னா..."

"எந்த டீமும் எங்கயும் ஆட முடியாது."

"கையேட்ட நல்லாப் படிச்சிருக்கீங்க" என்று பாராட்டினார் சுப்புராயன்.

ஆக, வியாழக்கிழமை விழுப்புரத்தில் ஆட வேண்டுமானால் வியாழக்கிழமை விழுப்புரத்துக்குப் போகக்கூடாது. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அரங்கநாதன் திரும்பி வந்தார். 

தலைமையாசிரியை மெஹ்ராஜ் பேகம் அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அவருடைய அறையில் விழாவுக்கான பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. பெறுநர்களுக்கு வெயில் படக்கூடாது என்று தொப்பி. தூசு படக்கூடாது என்று முகக்கவசம். முகக்கவசத்தில், சரியாக வாய் இருக்கும் இடத்தில், 'என் குரல் என் உரிமை' என்று அச்சிட்டிருந்தது. மெஹ்ராஜ் பேகம் ஒரு தொப்பியையும் ஒரு முகக்கவசத்தையும் எடுத்து, சுண்ணாம்புப் பொடி கேட்டு வந்து நின்ற பழனிக்கு மாட்டிவிட்டார்.

"அரங்கநாதன் சார், இது யாரு?"

"பழனி, மேடம்."

"நீங்க பி.டி. சார், உங்களுக்குத் தெரியும். மேடையில உக்காரப் போறவங்களுக்கு?"

அரங்கநாதனுக்கு வேர்த்தது. இது தப்பில்லையா மேடம் என்று கேட்டார்.

"வியாழக்கிழமை ஒரு தப்பு எப்படியும் நடக்கப் போகுது சார். எந்தத் தப்புங்கறத மட்டுந்தான் நாம முடிவு பண்ண முடியும்."

ஒரே ஒரு சிக்கல். பெறுநர்கள் பெண்கள் அணியின் சீருடையில் இருக்க வேண்டும். இருந்தது ஒரே செட், ரோஸ் கலர். அதைப் பையன்கள் போட்டுக்கொண்டால் பெண்கள் எதைப் போட்டுக்கொண்டு ஆடுவார்கள்? பையன்களுடைய நீலச் சட்டையைத்தான். கபடிப் பையன்கள் நாற்காலியில் உட்காருவது, மரியாதை செய்யும் பொறுப்பை வாலிபால் பையன்கள் ஏற்பது என்று ஏற்பாடாயிற்று. சின்னதுரைதான் முரண்டு பிடித்தான். ரோஸ் கலர் போட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்றான்.

"நாங்க போட்டுக்கினு ஃபைனல் வரைக்கும் வந்த சட்டடா அது" என்றாள் செல்லியம்மாள். "ஒன்ன ஆடவா சொல்றாங்க? சும்மா குந்து. அதாவது ஒனக்கு வருமான்னு பாக்கலாம்."

வியாழக்கிழமை விடிந்ததும் மெஹ்ராஜ் பேகம் காய்ச்சல் என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நீலச் சட்டைப் பெண்களை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்தார். அதனால் பெண்களுக்கான விழாமேடையில் பெண் என்று ஒருவரும் இல்லாமல் போயிற்று. இதை யாரும் கவனிக்கவில்லை என்பதைக் கவனிக்க அரங்கநாதன் மட்டும் இருந்தார்.

ரோஸ் கலர் சட்டை, தொப்பி, முகக்கவசம் அணிந்த பெறுநர்கள் ஷாமியானாவின் ஓரத்தில், வெயில் சரியாக விழுகிற பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள். அவர்களைப் படம் எடுத்து, பெண்கள் அணியின் பெயர்களைப் போட்டு ஏற்றினார் அரங்கநாதன்; உடனே வந்த சான்றிதழ் எண்ணை மெஹ்ராஜ் பேகத்துக்கு அனுப்பினார். பழனி நெளிந்ததில் அவன் படம் மட்டும் ஆடிவிட்டது. சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார், தாமதத்தை ஈடுகட்டும்படி நீளமாகப் பேசினார். பெண் என்பவள் தாய் என்றார், பூமி என்றார், ஆறு என்றார். கோமுகி ஆற்றில் அப்போது தண்ணீர் இல்லை. "இந்தப் பெண் குழந்தைகளின் கண்களில் நான் எதிர்காலத்தைப் பார்க்கிறேன்" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார்.

எதிர்காலத்துக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. முகக்கவசத்தைக் கழற்ற முடியாததால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. எழுந்தால் நாற்காலி காலியாகிவிடும் என்பதால் ஒதுங்கப் போக முடியவில்லை. யார் யாரோ வந்து வணங்கினார்கள். யார் யாரோ வந்து புத்தி சொன்னார்கள். தலை குனிந்து நடக்க வேண்டும் என்றார் ஒருவர். தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்றார் அடுத்தவர். சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள்.

அரங்கநாதனின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. விழுப்புரத்திலிருந்து மெஹ்ராஜ் பேகம் செய்தி அனுப்பியிருந்தார். கடைசி ரெய்டில் வந்தவளின் கணுக்காலைச் செல்லியம்மாள் பிடித்துவிட்டாள். கோப்பை நமக்கு. அரங்கநாதன் தம்மை மறந்து பலமாகக் கைதட்டினார். அப்போது சிறப்பு விருந்தினர் பெண்களின் பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பி.டி. சாரே தட்டுகிறாரே என்று கூட்டம் முழுவதும் தட்டியது. பேச்சு மேலும் நீண்டது.

சான்றிதழ் வந்தது. கோப்பையும் வந்தது. விளையாட்டு விடுதிக்குச் செல்லியம்மாளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று செய்தி வந்தது. அவளுடைய அப்பா மலையிலிருந்து இறங்கி வந்து, பள்ளிக்கு ஒரு பலாப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். அரங்கநாதன் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தார்.

ஆனால் கம்ப்யூட்டர் தூங்கவில்லை. வியாழக்கிழமை விழுப்புரத்தில் ஆடியவர்கள் பட்டியலையும் அதே வியாழக்கிழமை இங்கே மரியாதை பெற்றவர்கள் பட்டியலையும் அது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டது. செல்லியம்மாளின் விடுதி இடம் நிறுத்திவைக்கப்பட்டது. விசாரிக்கச் சுப்புராயனே வந்தார். அரங்கநாதனை உட்கார வைத்து, அன்பாகவே விளக்கினார்.

"ஒருத்தர் ரெண்டு எடத்துல இருக்க முடியாது சார். அந்தப் பொண்ணு அங்க ஆடினது நிஜம்னா, இங்க மரியாதையே நடக்கல. ஒங்க சான்றிதழ், என் விழா, விருந்தினர் பேச்சு, எல்லாம் பொய். இங்க இருந்தது நிஜம்னா, அங்க ஆடினது ஆள்மாறாட்டம். கோப்பை போகும், ஒரு பொண்ணோட விடுதி எடம் போகும், அவ்வளவுதான். ஆள்மாறாட்டம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. ஒங்க வேலைக்கு ஒண்ணும் வராது."

காகிதத்தையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார். அரங்கநாதன் பேனாவை எடுத்தார். பழக்கதோஷத்தில் 'சரிங்க' என்பது வாய்வரை வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்தது. தை பிறக்க அதிக நாள் இல்லை.

"எழுத முடியாதுங்க சார்" என்றார்.

சொன்னது தாம்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்ததால் இன்னொரு முறையும் சொன்னார். பிறகு மூச்சு விடாமல் மிச்சத்தையும் சொல்லிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தது பையன்கள்.

சுப்புராயன் சிரித்தார். "யார்கிட்ட கதை விடறீங்க? நடு நாற்காலிப் பொண்ணு பக்கத்துல நானே நின்னு படம் எடுத்துக்கிட்டேன். எவ்வளவு அடக்கம், எவ்வளவு கூச்சம். பையனுக்கும் பொண்ணுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

அரங்கநாதன் சின்னதுரையைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் வந்து நின்றான்.

"விழா அன்னிக்கு நடு சேர்ல யாருடா?"

"நாந்தான் சார்."

"சார் பக்கத்துல நின்னாங்களா?"

"நின்னாங்க சார். கொஞ்சம் சிரிம்மான்னாங்க. மாஸ்க்கு போட்டுக்கினு எப்படி சார் சிரிக்கறது? அப்புறம் தோள்மேல கை போட்டாங்க. நான் இந்தப் பக்கம் நகந்தேன். சாரும் நகந்தாரு. மறுபடியும் நகந்தேன். அதுக்கு மேல நகந்தா சேரு சாஞ்சுடும் சார்."

சுப்புராயன் காகிதத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அனுமதி கேட்டாங்களா?" என்று அரங்கநாதன் கேட்டார். குத்திக்காட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. அது பயிற்சியின் முதல் பாடம், அவர் நல்ல பயிற்சியாளர்.

"இல்ல சார்" என்றான் சின்னதுரை. தரையைப் பார்த்துக்கொண்டு, "பஸ்ல நான் பண்ணதெல்லாம் ஞாபகம் வந்துச்சு சார்" என்றான். யாரும் கேட்காமலே அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் அந்த இயக்கம் முழுவதிலும் ஏற்பட்ட ஒரே பலன். அதை ஏற்றுவதற்குக் கம்ப்யூட்டரில் கட்டம் இல்லை.

சுப்புராயனுக்கு அந்தப் படம் எங்கெங்கே போயிருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. இயக்கத்தின் சுவரொட்டியாகவே அது அச்சாகிவிட்டிருந்தது. உண்மை வெளியே வந்தால், தோளில் கை போட்டதைவிட, யார் தோளில் போட்டார் என்பதற்காக ஊர் சிரிக்கும். அலுவலகத்துக்குத் திரும்பியவர் அன்றைக்கே ஓர் ஆணை பிறப்பித்தார். 'வியாழக்கிழமை நடைபெற்ற மேற்படி விழா, நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு, அதற்கு முந்தைய புதன்கிழமையே நடைபெற்றதாகக் கொள்ளப்படும்.' கம்ப்யூட்டர் திருப்தியடைந்தது. தை பிறந்ததும் அவளுடைய அப்பாவும் அம்மாவும் மிளகு பறிக்கப் போனார்கள். செல்லியம்மாள் ஒரு தகரப்பெட்டியோடு விளையாட்டு விடுதிக்குப் போனாள். போகும்போது அரங்கநாதனிடம் கை நீட்டினாள். அவர் கைகொடுத்தார்.

சுவரொட்டி பஸ் ஸ்டாண்டு, தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலும் ஒட்டப்பட்டது. போனிலும் பரவியது. தொப்பிக்கும் முகக்கவசத்துக்கும் நடுவில் இரண்டு கண்கள், ஒரு பக்கமாக ஒடுங்கிய உடம்பு, தோளில் ஒரு பெரிய மனிதரின் கை. பார்த்தவர்களெல்லாம் உருகிப்போனார்கள். இந்தக் காலத்திலும் இப்படி அடக்கமான பெண்கள் இருக்கிறார்களே என்று எழுதினார்கள். வளர்ப்பு அப்படி என்று எழுதினார்கள். அந்தக் கை அங்கே என்ன செய்கிறது என்று ஒருவரும் எழுதவில்லை. நாமும் பார்த்தோம், இதயம் ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போனோம்.

ஒரு நாள் நைனார்பாளையத்திலிருந்து ராஜாங்கம் என்ற பெரியவர், வெற்றிலை பாக்குப் பழத்தோடு அரங்கநாதனைத் தேடி வந்தார். மகனும் ஒரு பள்ளியில் பி.டி. சார்தானாம், மதிப்புறவுப் பயிற்றுநர் தேர்வில் முதல் வகுப்பாம். சுவரொட்டியைப் பார்த்ததிலிருந்து வேறு பெண்ணைப் பார்க்கவே மாட்டேன் என்கிறானாம். நடு நாற்காலியில் இருக்கும் பெண் எந்த ஊர், யார் வீடு என்று சொன்னால் போதும், படிப்பு முடிந்து வயசு ஆகும்வரை காத்திருக்கத் தயார் என்றார். 

மைதானத்தில் சின்னதுரை கோடு போட்டுக்கொண்டிருந்தான். அரங்கநாதன் அவனைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார்.

"அதுகிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாங்களா?" என்றார்.

"இன்னாங்க சார் கேக்கறது?" என்று பெரியவர் சிரித்தார். "படத்தப் பாத்தாலே தெரிலயா? மாட்டேன்னு சொல்ற பொண்ணா அது?"